குளோரின் வாடை

எங்கள் டெர்பிஷயர் குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கு மோசமில்லை. பீர் காய்ச்சத்தான் ஆகாது. அதிலுள்ள குளோரின் பீரில் ஏறி மருந்து வாடை அடிக்கும். கேம்டன் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. பொடித்து அண்டாவில் போட்டால் வாடை போய்விடும். வீட்டில் காய்ச்சுகிற எல்லோரும் செய்வதுதான்.

டெரிக் வாட்லி மட்டும் போட மாட்டான். அவனுக்கு ஆஸ்துமா. மாத்திரையிலுள்ள சல்ஃபைட் ஆகாமல் ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்தான். எங்கள் பீர் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போட்டி நடுவர் அவன்தான் என்பதால், அவனுக்குத் தருவதை மட்டும் கொதித்து ஆறிய தண்ணீரில் காய்ச்சுவோம்.

இதெல்லாம் தெரியாமல் வெறும் குழாய்த் தண்ணீரில் காய்ச்சிய என் முதல் பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “லெஸ்லி, நீச்சல் குளத்துல முங்கி எந்திரிச்ச மாதிரி இருக்குப்பா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி ஐரீனும் சிரித்தாள். என்னோடு இருக்கையில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அதன்பிறகு பல வருஷம் தண்ணீரைப் பற்றியே படித்தேன். ஐரீன் இறந்தபின் காய்ச்சிய பீருக்கு அவள் பெயரை வைத்தேன். டெரிக் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “தண்ணி பிரமாதம். பீரை எங்க வெச்சிருக்க?” என்றான்.

நான் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்ததும் அவன் கோட்டை வாங்கி மாடியில் மாட்டினேன். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதைதான். இன்ஹேலரை அவன் எப்போதும் கோட்டுப் பையில்தான் வைத்திருப்பான்.

“மாத்திரை கீத்திரை போடலியே?”

“உனக்குப் போய் போடுவேனா? கொதிக்க வெச்ச தண்ணிதான்.”

உண்மையில் தாராளமாகப் போட்டிருந்தேன், தண்ணீரில் மட்டுமல்ல, காய்ச்சி முடித்த பீரிலும்.

டெரிக் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தான்.

“இதுதான்ப்பா பீர். ஐரீன் இருந்திருக்கணும், லெஸ்லி. இன்னும் கொஞ்சம் ஊத்து.”

அப்போதே நான் தடுத்திருக்கலாம். ஆனால் அவன் மனசாரப் பாராட்டிக்கொண்டிருந்தான். இடையில் வெட்டுவது சரியாகப் படவில்லை. ஊற்றினேன்.

பிறகு அவனுக்கு இழுக்க ஆரம்பித்தது. “கோட்டு... என் கோட்டு...” என்றான்.

“எந்தக் கோட்டு?” என்று கேட்டேன்.

மாடிப்படிவரை தானே தவழ்ந்து போனான். உதடு நீலமாகிவிட்டது. என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடி தளரும்வரை நான் அசையாமல் நின்றேன். உதறிவிடுவது முரட்டுத்தனம் என்று தோன்றியது.

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது சரியல்ல, இன்ஸ்பெக்டர் ஐயா. முதலில் கோப்பைகளைக் கழுவினேன். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினேன். கோட்டைக் கீழே கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தேன். அதன்பிறகுதான் போன் செய்தேன்.

ஆனாலும் செய்தேன் அல்லவா? கொல்ல நினைத்தவன் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவானா, சொல்லுங்கள்.