இரண்டு இருக்கைக் கார்

பெயர்: ஜானட். கணவர் பெயர்: பிராங்கிளின். வயது: 46. படிப்பு: பி.எஸ்சி. வேதியியல். தொழில்: திருவொற்றியூரில் உள்ள ரப்பர் பொருள் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருப்பிடம்: கல்மண்டபம் அருகில், ராயபுரம், சென்னை.

24.10.2024 அன்று நீதித்துறை நடுவர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்துக்கொண்டு சொல்வது:

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் கணவருக்கு ஏழு கன்டெய்னர் டிரெய்லர்கள் உள்ளன. அவர் இருபது வயதில் டிரெய்லர் ஓட்டுநராகத் தொடங்கி இந்த நிலைக்கு வந்தவர். வண்டிகளை நிறுத்தும் அவருடைய யார்டு எண்ணூர் விரைவுச் சாலையில் இருக்கிறது. கணவன் மனைவி தனிமையில் பேசிக்கொண்டதை நான் சொல்ல வேண்டியதில்லை என்று நடுவர் அவர்கள் முதலிலேயே எனக்கு விளக்கினார்கள். ஆகவே நான் கண்ணால் பார்த்ததையும் பிறர் முன்னிலையில் பேசப்பட்டதையும் மட்டும் சொல்கிறேன். நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது பேசிய எதுவும் இதில் இல்லை.

சென்ற ஆகஸ்டு மாதம் என் கணவர் வெளிநாட்டுத் தயாரிப்பான பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். அதில் இரண்டு இருக்கைகள் மட்டுமே உண்டு. தொழில் வண்டிகள் அவர் பெயரிலும் மற்றவை என் பெயரிலும் இருப்பது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால் இந்தக் காரும் என் பெயரில் பதிவானது. ஒன்பது வருடப் பழைய கார், பதினோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. அதை என் கணவர் எல்லோரிடமும் பெரிய அதிர்ஷ்டமாகச் சொன்னார். விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது எங்கள் இருவரிடமும், "சார், ஓடாம நின்ன வண்டி. முதல்ல நாலு டயரையும் மாத்துங்க. மாத்தற வரைக்கும் மழையில எடுக்காதீங்க" என்று சொன்னார். என் கணவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அதன் பிறகு காரை யார்டுக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக அதில் உட்கார்ந்து பார்த்தார்கள். பன்னிரண்டு வருடமாக எங்களிடம் வேலை பார்க்கும் யேசுதாஸ் ஆறடிக்கு மேல் உயரம். இருக்கையைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளிய பிறகுதான் அவருடைய முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைந்தது. அவர், "அண்ணாத்த, இது காரா இல்ல பொட்டியா? இப்படியே மூட்னா நேரா மூலக்கொத்தளம் சுடுகாடுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காருடன் முந்நூறு பக்கத்துக்கு மேல் ஒரு கையேடு வந்தது. என் கணவர் அதைப் பிரிக்கவில்லை. நான் ஆலைக்குப் போகும் ரயிலில் பத்து நாளில் படித்து முடித்தேன். அதன் பிறகு டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்தேன். அது டயர் செய்த வாரத்தையும் வருடத்தையும் குறிக்கும். காருடன் பிறந்த டயர்களே இன்னும் மாட்டியிருந்தன. மறுநாள் ரப்பரின் கடினத்தை அளக்கும் கைக்கருவியை ஆலையிலிருந்து எடுத்து வந்து நான்கு டயரிலும் வைத்துப் பார்த்தேன். அந்த வகை டயர் புதிதில் அறுபத்தைந்தைத் தாண்டாது. பின் டயர்கள் எண்பத்தொன்று காட்டின. மிருதுவான ரப்பர்தான் ஈரத் தரையைப் பிடிக்கும். இருபத்து மூன்று வருடமாக நான் செய்யும் வேலை இதுதான், ஆகவே அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இதை யார்டில் ஓட்டுநர்கள் முன்னிலையில் என் கணவரிடம் சொன்னேன். அவர் யார்டுக்கு டயர் வேலை பார்க்கும் ஒவைஸ் என்பவரை அழைத்தார். டிரெய்லர் தொழிலில் டயரின் மேல் உள்ள கட்டைகளைப் பட்டன் என்பார்கள். பட்டன் தேய்ந்தால்தான் டயரை மாற்றுவார்கள். டிரெய்லர் தினமும் ஓடுவதால் டயர் பழசாவதற்கு முன்பே தேய்ந்துவிடும். நின்றுகொண்டே பழசாகும் டயரை அவர்கள் பார்த்ததில்லை. ஒவைஸ் விரலை விட்டு ஆழம் பார்த்துவிட்டு, "பட்டன் அப்படியே புதுசா கீது அண்ணாத்த. இதைக் கயட்டிப் போட்டா பாவம்" என்றார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "ஆனா அண்ணி, நமக்குத் தெரிஞ்சது டிரெய்லரு டயரு. இது வேற ஜாதி" என்றும் சொன்னார். என் கணவர், "இவ லேபுல கீறவ பாய். கல்யாணத்தன்னைக்கு என் கையைப் புடிச்சப்பவே நம்பரு பாத்திருப்பா" என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தக் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. கார் என் பெயரில் இருந்தது, சாவியை வாங்கி வைத்திருக்கலாம், வைக்கவில்லை.

13.10.2024 ஞாயிறு காலை முதல் பூசைக்கு அந்தக் காரில் போனோம். என் கணவர் ஓட்டினார். பூசை முடிந்தபோது மழை பெய்து விட்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பாமல் என் கணவர் காரை எண்ணூர்ப் பக்கம் திருப்பினார். அப்போது காருக்குள் நாங்கள் பேசியதை நான் சொல்லவில்லை. சாலையின் இடது பக்கம் டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருந்தன. தரையில் நிலக்கரித் தூசும் எண்ணெயும் மழைநீரோடு கலந்து கறுப்பாகப் படிந்திருந்தன. நெட்டுக்குப்பத்துக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன் வலது பக்கம் காலியாகத் தெரிந்தது. என் கணவர் நடுவில் உள்ள ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தார். அது சக்கரம் வழுக்குவதைத் தானாகத் தடுக்கும் ஏற்பாட்டை நிறுத்தும் பொத்தான். ஈரத்தில் அதைத் தொடக் கூடாது என்று கையேட்டில் கட்டம் கட்டி எழுதியிருக்கிறது. அதன் பிறகு அவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். காரின் பின்பக்கம் இடது புறமாக விலகியது. உடனே அவர் காலை எடுத்து, டிரெய்லரில் செய்வது போல, பிரேக்கை முழுவதுமாக மிதித்தார். கார் சுற்றிக்கொண்டே போய், நின்றிருந்த இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவிலிருந்து தலையில் இறால் கூடையுடன் வந்த ஒரு பெண்ணை இடித்து, தடுப்புச் சுவரில் மோதி நின்றது.

அந்தப் பெண்ணின் பெயர் மலர்க்கொடி, நெட்டுக்குப்பம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் இறங்கி ஓடினேன். அவருக்கு நினைவு இருந்தது. என்னிடம், "செருப்பு ஒண்ணைக் காணோம்மா, பாரு" என்று சொன்னார். நான் தேடினேன். இருபது அடி தள்ளிக் கிடந்தது. எடுத்து வந்தபோது அவர் பேசவில்லை. காலில் போட்டுவிட்டேன். அதன் பிறகு அந்த வழியாக வந்த ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு நான் மருத்துவமனைக்குப் போனேன். என் கணவர் காருக்கு மறுபுறம் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் அவர் முகத்தைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

மூன்று மணி நேரம் கழித்து நான் காவல் நிலையத்துக்குப் போனபோது யேசுதாஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் இன்னொரு காரில் அப்போதுதான் வந்தது போல வந்து நின்றார். யார்டுகளில் இது நடைமுறை. வண்டி எங்காவது இடித்தால் ஓட்டியவரை அனுப்பிவிட்டு வேறொருவரை நிலையத்தில் நிறுத்துவார்கள். அதற்கு ஆள் கொடுப்பது என்று பெயர். யேசுதாஸ் எழுந்து வந்து, "அண்ணி, நீங்க பேஜாராவாதீங்க. நான்தான் ஓட்டினேன், நீங்க பக்கத்துல இருந்தீங்க. அவ்ளோதான். பெயில்ல வந்துடுவேன்" என்றார். நிலையத்தில் யாரிடமும் நான் அதை மறுக்கவில்லை. அவர் அன்று மாலை ஜாமீனில் வந்துவிட்டார். அவர் மேல் இரண்டு வருடத்துக்கு முந்தைய வழக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் அவர் ஓட்டிய வண்டி அல்ல.

16.10.2024 அன்று மலர்க்கொடி இறந்துவிட்டார். அதனால் வழக்கின் பிரிவு மாறியது. யேசுதாஸின் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

19.10.2024 சனிக்கிழமை யேசுதாஸின் மனைவி சிலுவையம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் கூடத்தில் இருந்தார். சிலுவையம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம், "அக்கா, அஞ்சு வருசம் வரைக்கும் உள்ள போடலாம்னு வக்கீலு சொல்றாரு. இன்னா நடந்துச்சுன்னு வூட்ல அந்தாளைக் கேட்டா சாப்பாட்டுத் தட்டையே பாத்துகினு கீறாரு. நீங்க பக்கத்துல குந்திகினு இருந்தீங்களாமே. என் வூட்டுக்காரரா ஓட்டினாரு? நீங்க சொல்லுங்க, நான் நம்பறேன்" என்று கேட்டார். என் கணவர், "ஜானட்டு, உள்ள போய் காப்பி போடு" என்றார். நான் உள்ளே போனேன். காப்பி போட்டுக்கொண்டு வந்தபோது சிலுவையம்மாள் இல்லை. அவர் போன பிறகு எங்கள் வீட்டில் பேசப்பட்டதையும் அதற்குப் பின் வந்த நாட்களில் பேசப்பட்டதையும் நான் சொல்லவில்லை.

அவருடைய கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். 13.10.2024 காலை அந்தக் காரை ஓட்டியவர் என் கணவர் பிராங்கிளின். நான் இடது இருக்கையில் இருந்தேன். மூன்றாவது ஆள் உட்கார அதில் இடமில்லை. யேசுதாஸ் அங்கே இல்லவே இல்லை. கார் இப்போது காவல் நிலைய வளாகத்தில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. அதன் இருக்கைகள் மின்சாரத்தில் நகர்பவை. மோதலில் மின் இணைப்பு அறுந்துவிட்டதால் ஓட்டுநர் இருக்கை அன்று இருந்த இடத்திலேயே இருக்கும். என் கணவர் ஐந்தடி நான்கு அங்குலம். யேசுதாஸை அதில் உட்காரச் சொன்னால் அவரால் காலை நுழைக்க முடியாது. டயர்களின் நிலை எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் மழையில் அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தேன். கார் என்னுடையது. அதற்குரிய குற்றம் எதுவோ அதை என் மேல் எழுதிக்கொள்ளலாம்.

யாருடைய மிரட்டலுக்கோ தூண்டுதலுக்கோ உட்பட்டு இதைச் சொல்கிறேனா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். இல்லை. இங்கே எப்படி வந்தேன் என்றும் கேட்டார்கள். யேசுதாஸ் ஓட்டியதை நேரில் பார்த்த சாட்சி என்று காவல் துறை எனக்கு அழைப்பு அனுப்பியது. என் கணவர்தான் என்னைக் கூட்டி வந்தார். நான் யேசுதாஸ் பெயரைச் சொல்லிவிட்டு வருவேன் என்று நினைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். யேசுதாஸும் சிலுவையம்மாளும் எதிர் பெஞ்சில் இருக்கிறார்கள். நான் அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

மேலே உள்ளவற்றை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. ஓரிடத்தில் மட்டும் "காரை ஓட்டியவர் என் கணவர்" என்று எழுதியிருந்தது. அவர் பெயரையும் சேர்த்து எழுதக் கேட்டேன். சேர்த்தார்கள். அந்தத் திருத்தத்தின் ஓரத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) பி. ஜானட்