ஞானம்மாவின் கோட்டு

எனக்குச் சுத்தம் முக்கியம் சார். வடக்குப்பட்டில் நான் சூப்பர்வைசராக இருக்கிற ஷெட்டைப் போய்ப் பாருங்கள், தரையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எங்கள் தொழில் அப்படி. ரசாயன ஆலைகளில் ஓடி ஓய்ந்த கேட்டலிஸ்டை, அதாவது வினையூக்கியை, வாங்கி அரைத்து, அமிலத்தில் கரைத்து, உள்ளே இருக்கும் பிளாட்டினத்தை எடுக்கிறோம். கடைசியில் அது மஞ்சள் உப்பாகப் படியும். உலர்த்திச் சுட்டால் உலோகம். சிந்தியதைக்கூட விடமாட்டோம். பெருக்கிய குப்பை, துடைத்த துணி, ஆட்கள் போட்டுக் கிழித்த கோட்டு, எல்லாவற்றையும் எரித்துச் சாம்பலிலிருந்து எடுப்போம்.

உலர்த்தும் அறையில் ஞானம்மா இருந்தாள். தட்டில் காய்ந்த உப்பைச் சுரண்டி டப்பாவில் கொட்டுவது அவள் வேலை. கை அவ்வளவு பதவிசு.

அந்த அறையில் தூசியை வெளியே இழுக்கும் ஃபேன் ஒன்று உண்டு. அது ஓடினால் உப்பும் கொஞ்சம் சேர்ந்து போகும். நான்தான் அதை நிறுத்தினேன். முதலாளி சொல்லவில்லை. நல்ல பேர் வாங்க வேண்டும் என்று நானாகவே செய்தது.

ஞானம்மாவுக்கு முதலில் தும்மல், பிறகு இழுப்பு.

"சார், மூச்சு வாங்குது. செத்த நேரம் ஃபேன போட்டுக்கட்டா?"

"போட்டா சரக்கு பூடும் ஞானம்மா. மூஞ்சில துணி கட்டிக்கோ."

கட்டிக்கொண்டாள். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள்.

எதனால் என்று எனக்குத் தெரியும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், இந்த உப்பால் ஒருவருக்கு இழுப்பு வந்தால் அன்றைக்கே வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். மறுபடி அந்தப் பக்கமே விடமாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நானே என் வண்டியில் அழைத்துப் போனேன். அவள் வீட்டுக்காரர் சாலமோன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் அவளிடம், "என்ன வேலைம்மா பாக்கறீங்க?" என்று கேட்டார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"கேன்டீன்ல காய் நறுக்குது சார்."

அதற்காகத்தான் நான் கூடவே போனேன். ஞானம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. மாத்திரை வாங்கிக்கொண்டு மறுநாள் அதே அறைக்கு வந்தாள்.

ஒரு மத்தியானம் தட்டுக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள். போட்டிருந்த கோட்டோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே உயிர் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

பிறகு சாலமோனைப் போய்ப் பார்த்தேன். அவள் கோட்டைக் கேட்டேன்.

"தொவைக்காம அப்டியே கீது ராஜசேகர் சார். ஞாபகத்துக்கா?"

ஆமாம் என்றேன். அவர் அதை மடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

மற்றத் துணிகளோடு சேர்த்து எரித்தேன். சாம்பலில் நல்ல சரக்கு இருந்தது. துணியிலேயே இவ்வளவு என்றால் அவள் நெஞ்சுக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் அதை இரக்கம் என்று எழுதிவிடாதீர்கள் சார். அவர்கள் புதைக்கிறவர்கள். எங்களைப் போல எரிக்கிறவர்களாக இருந்திருந்தால், அந்தச் சாம்பலையும் கேட்டு வாங்கியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.