கடைசிப் பேர் வராத புரோகிராம்

“முப்பத்தெட்டு பேருக்கும் முட்டை போட்டுட்டேம்மா.”

பஸ் மரக்காணம் உப்பளங்களை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும். மகள் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பிஎச்டி செய்துகொண்டே மாணவர்களுக்கு லேப் வகுப்பும் எடுக்கிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“ஏண்டி, ஒருத்தர்கூடவா சரியா எழுதல?”

“எல்லாம் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அடிச்ச காப்பி. பேரையெல்லாம் வரிசையா அடுக்குற புரோகிராம். ஓட்டிப் பார்த்தா கடைசிப் பேரு மட்டும் வரல. முப்பத்தெட்டுலயும் அதே தப்பு.”

“யாரு அந்த சீனியரு?”

“நான்தான். எம்எஸ்சி படிக்கும்போது எழுதினது.”

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “உன் கைடு சாரு மார்க்கை மாத்தச் சொல்றாருன்னியே. அவரு கையெழுத்து போடலைன்னா உன் பிஎச்டி என்னாவும்? எம்பொண்ணு டாக்டராவப் போறான்னு உப்பளத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.”

“போடலைன்னா போகட்டும். பொய் மார்க்கு நான் போட மாட்டேன்.”

அப்போது மகளின் போன் அடித்தது. அம்மா அவள் கையைப் பிடித்தாள். மகள் அதை விலக்கிவிட்டு போனை எடுத்தாள்.

“சொல்லுங்க சார்... இல்ல சார், மாத்த மாட்டேன். இதே புரோகிராமுக்குத்தான் அன்னிக்கு நீங்க எனக்கு முழு மார்க்கு போட்டீங்க. ஒரு வாட்டி ஓட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்... கோவிச்சுக்காதீங்க சார். எனக்கும் ஒரு முட்டை போட்டுடுங்க. முப்பத்தொம்பதா இருக்கட்டும்.”