மூன்று நாள் ஓடிய படம்

கஞ்சி போட்ட காலரை முனையிலிருந்து நடுவுக்குத்தான் தேய்க்க வேண்டும். நடுவில் தொடங்கினால் துணி தள்ளிக்கொண்டு போய் முனையில் சுருங்கி நிற்கும். போட்டவன் பெண் பார்க்கப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவன்போல் தெரிவான். நாற்பத்தைந்து வருடமாக, கெய்ரோ ஷுப்ராப் பேட்டையின் இந்தத் தெருவுக்கு நான்தான் துணி தேய்க்கிறேன். ஒரு சட்டை பொசுங்கியதில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மகளே ரிஹாப், உள்ளே வந்ததிலிருந்து நீ என்னைக் கவனமில்லாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாய். நான் எதையும் கவனமில்லாமல் செய்ததில்லை.

அந்த ஒலிப்பதிவுக் கருவியைக் கொஞ்சம் தள்ளி வை, ஆவி படும். செய்தித்தாளை மடித்துக்கொள். மரண அறிவிப்புப் பக்கத்தை நானும் பார்த்தேன். டான்டா ஊரில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன் போட்டிருக்கிறான்: திரைப்பட இயக்குநர் வக்தி ஸபாஹி, வயது எண்பத்திரண்டு, செவ்வாய்க்கிழமை காலமானார். நீயோ எட்டு மாதத்துக்கு முன்பே முந்நூறு பேரை எழுந்து நிற்கவைத்து, அதே மனிதரின் ஆத்மாவுக்காக ஒரு நிமிடம் மௌனம் காத்தவள். "ஹஜ்ஜி, ஒரு மனுஷன் எப்படி ரெண்டு தடவ சாவான்?" என்று வாசற்படியிலேயே கேட்டாய். நியாயமான கேள்விதான். நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்பது வேறு விஷயம். கெய்ரோவில் தலை நரைத்தவன் எல்லாம் ஹஜ்ஜி. மறுத்துப் பயனில்லை.

முதலில் கட்டடத்தைத் தெரிந்துகொள். இரண்டாம் மாடியில் பள்ளி ஆசிரியை. அவள் கணவர் துபாயில் இருப்பதாகச் சொல்கிறாள், ஆனால் வாரம் ஒரு ஆண் சட்டை தேய்க்க வருகிறது. மூன்றாம் மாடியில் பல் மருத்துவர். அவர் கால்சட்டைப் பையில் எப்போதும் இனிப்புக் காகிதம் இருக்கும். நான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. கேட்டால் மட்டும் சொல்வேன்.

ஐந்தாம் மாடியில் வக்தி ஸபாஹி; நான் மரியாதையாக ‘பே’ என்பேன், அவர் என்னைக் கைத்தொழில்காரனுக்குரிய ‘உஸ்தா’ என்பார். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. லிஃப்ட் ஓடி ஒன்பது வருடமாயிற்று. அவர் முழங்கால் ஓடி மூன்று வருடம். தொலைபேசியை எப்போதோ துண்டித்துவிட்டார்கள், கைபேசியில் அவருக்குக் காது கேட்காது. ஆகவே பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். நேராக என் கடை வாசலில் வந்து நிற்கும். ரொட்டி, அவித்த ஃபூல் பயறு, மாத்திரை, செய்தித்தாள், எல்லாம் நான் வாங்கி வைக்க, அவர் இழுத்துக்கொள்வார். அவருக்குப் போகும் எதுவும் என் கையைத் தாண்டித்தான் போகும்.

கூடையில் தினமும் ஒரு சட்டை இறங்கும். வெளியே அடியெடுத்து வைக்காத மனிதருக்குத் தினம் ஒரு சட்டை எதற்கு என்று நானும் யோசித்தேன். யாராவது தன்னைத் தேடி வந்துவிட்டால் தயாராக இருக்கவேண்டும் என்பதற்காம். மாலைத் தொழுகை முடிந்ததும், கழுத்தில் டை கட்டிக்கொண்டு பால்கனிக்கு வருவார்.

"யா உஸ்தா, என்னக் கேட்டு யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல பே."

"சரி. நாளைக்குப் பாப்போம்."

இரண்டு வருடத்துக்கும் மேல் இந்தப் பதில் முழு உண்மையாக இருந்தது. அதையும் பதிவு செய்துகொள்.

படத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘பருத்திக் காற்று.’ அவர் எடுத்த ஒரே படம், முப்பத்தொன்பது வருடத்துக்கு முன் மூன்று நாள் ஓடியது. ஏன் மூன்று நாள் என்பதைப் பற்றி நீங்கள் பெரிய பெரிய காரணங்கள் எழுதியிருக்கிறீர்கள். விநியோகஸ்தர், அரசியல், பார்வையாளரின் முதிர்ச்சியின்மை. காரணம் நான்தான். நீங்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை.

இந்தத் தெருமுனையில் நஸீம் தியேட்டர் இருந்தது, இப்போது அங்கே திருமண மண்டபம். முதல் காட்சிக்கு நாங்கள் தெர்ஸோவில் உட்கார்ந்திருந்தோம். திரைக்கு மூக்கு உரச, மர பெஞ்சு, மலிவு டிக்கெட். மேலே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் படம் பார்ப்பார்கள்; தெர்ஸோவில் உட்கார்ந்தவர்கள் படத்தோடு பேசுவார்கள். அது எங்கள் உரிமை. வில்லன் ஒளிந்திருந்தால் கதாநாயகனுக்குச் சொல்வோம். முத்தத்துக்கு எண்ணிக்கை வைப்போம். எந்தப் படம் பிழைக்கும் என்று பட முதலாளிகள் தெர்ஸோவின் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

அந்தக் கால்வாய்க் காட்சி வந்தது. மகனை ராணுவத்துக்கு ஏற்றிப்போன லாரி மறைந்துவிட்டது. தாய் கரையில் நிற்கிறாள். நிற்கிறாள். இசை இல்லை, அழுகை இல்லை. நாலு நிமிடம். நான் அன்று காலையிலிருந்து பதினான்கு கல்யாணச் சட்டை தேய்த்துவிட்டு வந்திருந்தேன். எழுந்து நின்று சொன்னேன்:

"யம்மா, கடைசி பஸ் போயாச்சு, வீட்டுக்குப் போ."

அவ்வளவுதான். தியேட்டர் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. மேலே நாற்காலிக்காரர்களும் சிரித்தார்கள், மனைவியோடு வந்தவர்கள்கூட. மறுநாள் ஜனங்கள் அந்த வரியைக் கூடவே சேர்ந்து கத்துவதற்காகவே வந்தார்கள். மூன்றாம் நாள் தாய் திரையில் தோன்றும் முன்பே கத்தினார்கள். நான்காம் நாள் படத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு பத்திரிகையில் விமர்சகர் ஒருவர் என் வரியைத் தன் சொந்த வரியைப்போல் போட்டு, படத்தைத் தூக்க மாத்திரை என்று எழுதினார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருவுக்குத் தெரியும் அது யாருடையது என்று. முப்பத்தொன்பது வருடமாகக் கல்யாணத்தில், சுன்னத் விருந்தில், டீக்கடையில், "ஷல்காமி, அதச் சொல்லேன்" என்பார்கள். சொல்வேன். என் மகன் நிக்காஹ்வில் காஜியார் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரே கேட்டார்.

வக்தி பேவுக்கு மட்டும் தெரியாது. மேலே நாற்காலியில், இருட்டில் இருந்தவர் அவர். கீழிருந்து வந்தது ஒரு குரல், அவ்வளவே. பிறகு அவருக்கு யாரும் படம் கொடுக்கவில்லை. அப்போதும் அவர் சட்டைகளை நான்தான் தேய்த்தேன், குறைந்த கூலிக்கு. எனக்கு அவர் மேல் ஒரு வன்மமும் இல்லை.

இனி நீ. பிப்ரவரியில், பெரிய மூக்குக்கண்ணாடியும் சின்ன முதுகுப்பையுமாக இந்த வாசலில் வந்து நின்றாய். தோற்றுப்போன படங்களை மறுபடி பார்க்கும் வாரம் ஒன்று நடத்துகிறீர்கள் என்றாய். சினிமாச் சங்கத்து அலுவலகத்தில் விசாரித்ததில், சந்தா கட்டாததால் பேர் பட்டியலில் இல்லை, செத்திருப்பார் என்கிறார்கள், உண்மையா என்று கேட்டாய். நான் அப்போது ஒரு பட்டுத்துணி மேல் இருந்தேன். பட்டில் கை நிறுத்த முடியாது. நிமிராமலே, "அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்றேன்.

யோசித்துப் பார். நான் செத்துவிட்டார் என்று சொல்லவில்லை. ரஹ்மத், அவன் கருணை, உயிரோடிருப்பவர்களுக்கும் தேவைதான். ஆனால் நம் ஊரில் செத்தவர்களுக்கென்றே ஆகிவிட்ட அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் மாடி ஏறிப் பார்க்க மாட்டார்கள். நீ அங்கேயே கையேந்தி ஃபாத்திஹா ஓதினாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். ஓதி முடித்த பெண்ணிடம், அவர் மேலே பயறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்வது மரியாதையாக இருக்காது.

மேலும் எனக்கு அவர் மேல் அக்கறை இருந்தது. ஒரு தடவை அந்தச் சிரிப்பைக் கேட்டவர் அவர். எண்பது வயதுக்கு மேல், பலவீனமான இதயத்தோடு, மறுபடி அவரை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்து, மறுபடி சிரிப்பதா? தோற்ற படத்தைத் திரும்பப் பார்ப்பது என்றால் சிரிக்கத்தானே பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அது என் கணிப்பு. கணிப்பு தவறுவது குற்றமில்லை.

தவறியது. நீங்கள் படம் போட்ட அன்று நானும் வந்தேனே, உள்ளே நீ பார்த்திருக்க மாட்டாய், கடைசி வரிசை. என் கலாபியா அங்கியை நானே தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தேன். ஆண்பிள்ளைகள் காதில் வளையம், பெண்பிள்ளைகள் தலை ஆண்பிள்ளைகளைப்போல. கால்வாய்க் காட்சி வந்தது. நான் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பக்கத்தில் ஒரு பையன் கழுத்துத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். முன்னால் ஒருத்தி தன் அம்மாவுக்குக் கைபேசியில் ஏதோ எழுதிக்கொண்டே அழுதாள். முந்நூறு பேர். ஒரு இருமல் இல்லை. படம் முடிந்து அவர்கள் கைதட்டிய நேரத்தில் நான் ஒரு சட்டையைத் தேய்த்து மடித்திருப்பேன்.

பிறகு அந்தப் பைப் பிடிக்கும் விமர்சகர் மேடைக்கு வந்தார். அந்தத் தாய்தான் தேசம், கால்வாய்தான் காலம் என்றார். கால்வாய் எங்கள் மாமியார் ஊர்க் கால்வாய், நாற்றம் தாங்காது, போகட்டும். இந்த மாபெரும் படைப்பை அன்று தெர்ஸோவில் இருந்த ஏதோ ஒரு மூடன் ஒரே வரியில் கொன்றான் என்றார். வரியைச் சொன்னார். தவறாகச் சொன்னார், "கடைசி" என்ற சொல்லை விட்டுவிட்டார். நீங்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினீர்கள். நீயும்தான். பிறகு மௌன அஞ்சலி. நானும் எழுந்து நின்றேன். முறை தெரியாதவன் இல்லை.

வெளியே வந்ததும் நீ என்னைக் கண்டுகொண்டாய். குடும்பத்தார் யாரும் இல்லாததால் நினைவுக் கேடயத்தை என் கையில் கொடுத்தாய். கண்ணாடியும் பித்தளையுமாய் நல்ல கனம். வீணாக்கவில்லை, இதோ இந்தத் துணிக்கடியில்தான் இருக்கிறது. பாவாடை மடிப்பை நிறுத்த அதைவிடச் சமதளம் கிடையாது.

மறுநாள் மாலை பால்கனியிலிருந்து கேட்டார், யாராவது வந்தார்களா என்று. நான் ஒரு கணம் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். யாரும் வரல பே என்றேன். சொல்லிப் பழகிய வாய். அதன் பிறகு வேலை கூடிவிட்டது எனக்கு. செய்தித்தாளில் படத்தைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். தினமும் கலைப் பக்கத்தை உருவி எடுத்துவிட்டு மீதியைக் கூடையில் வைப்பேன். "யா உஸ்தா, பேப்பர் ஒல்லியாயிருச்சே" என்று ஒரு நாள் கேட்டார். காகித விலை பே என்றேன். நாட்டு நிலவரம் தெரிந்தவர், நம்பிவிட்டார். பிரான்ஸிலிருந்து ஒரு கடிதம் குடும்பத்தாருக்கு என்று வந்தது. துனிஸிலிருந்து இரண்டு. அவையும் கூடையில் ஏறவில்லை. டீக்கடையில் ஹமூதா மட்டும் ஒரு நாள் குத்திக்காட்டினான்.

"என்ன ஷல்காமி, உன் படம் திரும்ப ஓடுதாமே? இப்ப யாருமே சிரிக்கலயாமே?"

டீக்கடை முழுக்கச் சிரித்தது. என்னைப் பார்த்து. முப்பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் யாரும் என்னை அதைச் சொல்லச் சொல்லவில்லை. நான் ஒன்றும் புண்படவில்லை. புகழ் வரும் போகும். இதையும் நடந்ததற்குக் காரணமாக எடுத்துக்கொள்ளாதே.

போன திங்கட்கிழமை கூடை இறங்கவில்லை. பல் மருத்துவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, இதயம், நுரையீரலில் நீர், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார் என்றார். முந்தின நாள் தேய்த்து வைத்த சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மாடியும் ஏறினேன். என் வயதில் அது சின்னக் காரியமில்லை. தலையணையில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதே கேள்வி, இப்போது சத்தமில்லாமல், உதட்டில் மட்டும். இல்லை என்று தலையை ஆட்டினேன். பிறகு அவர் பேசினார்.

"படுத்துக்கிட்டே அந்தக் கால்வாய்க் காட்சிய ஓட்டிப் பாத்தேன் உஸ்தா. நாலு நிமிஷம் நீளம்தான். அன்னிக்கு ஒருத்தன் கத்துனானே. இத்தன வருஷமா எவனும் தேடி வரலன்னா, அவன் சொன்னதுதான் சரி."

முந்நூறு பேர் கைதட்டினார்கள், மகளே. விமர்சகர் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார். ஆனால் அந்தப் படத்தை எடுத்தவர், சாகக் கிடந்த கட்டிலில், யார் சொன்னது சரி என்று சொன்னார் பார். அவர் வாயாலே சொன்னார். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன். தோளில் கிடந்த சட்டையை மடியில் போட்டுக் காலரை நீவினேன்.

"பே, அது நான்தான்" என்றேன்.

என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; பட்டிருந்தால் ஒருவேளை மீதியையும் சொல்லியிருப்பேன். "நாளைக்குச் சட்ட வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விடியும் முன் போய்விட்டார்.

இதில் நான் மறைத்தது என்று நீ எதைச் சொல்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. சாகப்போகிற மனிதரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஐந்து மாடி ஏறிப் போய், அந்தக் குரல் என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன்.