உபெர்தோவின் சுட்டுவிரல்

உங்கள் எழுத்தர் இறகுப்பேனாவை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறார், நீதிபதி ஐயா. இப்படிப் பிடித்தால் நாற்பது வயதாவதற்குள் கட்டைவிரல் மரத்துப்போய்விடும். கொஞ்சம் தளர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். நான் சொல்லப்போவது நீளமானது, பாவம், அவருக்கு வலிக்கும். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

என் பெயர் தெபால்தோ. செக்கோவின் புத்தகக் கடையில் லத்தீன் ஏடுகளைப் படியெடுப்பவன். நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், மதிலுக்கு வெளியே குப்பைமேட்டில் புதைத்த உபெர்தோவின் எலும்புகளைத் தேவாலயக் கல்லறைக்குக் கொண்டுவரலாம் என்கிறீர்கள். துரோகி என்ற பேர் போகும், பறித்துக்கொண்ட வீடு அவன் மனைவி ஜினெவ்ராவுக்குத் திரும்பக் கிடைக்கும் என்கிறீர்கள். கையெழுத்து இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. சரி, அதற்காகத்தான் நானும் வந்தேன். வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். இளைத்துவிட்டாள்.

உபெர்தோவும் நானும் ஒரே தெருவில் பிறந்தவர்கள், ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். அவன் மூத்த பெண்ணின் ஞானஸ்நானத்தில் அவளை ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் நான்தான். கடையில் பக்கத்தின் நடுப்பகுதி என்னுடையது, ஓரம் அவனுடையது. நான் கவிதையை எழுதுவேன். அவன் ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு எழுதுவான். இந்த வழக்குக்குக் காரணமான ஏட்டில் இருக்கிற நையாண்டிக் கவிதைகளுக்குக் குறிப்பு இல்லாமல் முடியாது. அவற்றை எழுதிய ரோமானியன் செத்து ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. அவன் எந்தச் செனட்டரின் பொய்முடியைக் கேலி செய்தான், எந்தச் சீமாட்டியின் சமையல்காரனைப் பற்றிப் பேசினான் என்று இப்போது யாருக்குத் தெரியும்? உபெர்தோவுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கூச்சமே இல்லாமல் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிடுவான். எனக்கு அது பிடிக்காது. பணம் கொடுத்து வாங்குகிறவர் பக்கத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதுவது என்ன மரியாதை?

இன்னொன்றும் அவன் போடுவான். முக்கியமான வரிக்கு நேராக, விரல் நீட்டிய ஒரு சின்னக் கை வரைவான். சுட்டுக்கை என்போம். குறிப்பு எழுதுகிற எல்லாரும் போடுவதுதான், ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். உபெர்தோவின் கைக்குச் சட்டை மணிக்கட்டில் இரண்டு பொத்தான், அதில் ஒன்று திறந்தே கிடக்கும். அவன் சட்டையும் அப்படித்தான். “பொத்தானப் போட்டுட்டுப் போனா என்ன, தேய்ஞ்சா போயிடுவீங்க?” என்று ஜினெவ்ரா வாசல்வரை துரத்திக்கொண்டு வருவாள். ஊரில் படித்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கையைத் தெரியும்.

போன பிரபு, அதாவது நீங்கள் எல்லாரும் இப்போது கொடுங்கோலன் என்று சொல்கிறவர், அந்தக் கவிதைகளைத் தனக்குப் படியெடுத்துத் தரச் சொன்னார். அவருக்கு லத்தீன் பாதிதான் புரியும். பக்கத்து ஊர்ப் பிரபுக்களின் அலமாரியில் இருப்பது தன் அலமாரியிலும் இருக்கவேண்டும், அவ்வளவுதான். நல்ல ஆட்டுத்தோல் தாள் கொடுத்தார். நான் எழுதினேன். ஓவியன் முதல் பக்கத்தின் அடியில் பிரபுவின் சின்னத்தைத் தீட்டினான், ஓக் மரத்தடியில் காட்டுப்பன்றி. தங்கப் பூச்சு காய்ந்த பிறகு ஏடு உபெர்தோவிடம் போனது.

மறுநாள் கடைக்குள் வந்து, எல்லார் முன்னாலும் முதல் பக்கத்தை விரித்து வைத்தான். அடி ஓரத்தில், காட்டுப்பன்றிக்குப் பக்கத்தில், இரண்டு வரி எழுதியிருந்தான். மேலே கவிதையில் அந்த வரிகள் வரவேண்டிய இடத்தைக் காட்டி ஒரு சுட்டுக்கை.

“தெபால்தோ, ரெண்டு வரிய முழுங்கிட்டியேடா. காலையில சாப்பிடாம வந்தியா?”

பையன்கள் சிரித்தார்கள். செக்கோவும் சிரித்தார். முதல் பக்கம், ஐயா. பிரபு திறந்ததும் பார்க்கப்போகிற பக்கம். அதில் என் எழுத்துக்கு அடியில் ஒரு விரல்.

நான் அந்த வரிகளைப் படித்தேன். ரோமில் எவனோ ஒருவன், விருந்தில் அண்ணன் செத்துவிழுந்த தட்டிலிருந்து தன் மகுடத்தை எடுத்துக்கொண்டான், அன்றுமுதல் ஒவ்வொரு கவளத்தையும் முதலில் நாய்க்குப் போட்டுப் பார்க்கிறான் என்று அதில் இருந்தது. நம் பிரபுவின் அண்ணன் எப்படிச் செத்தார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த இரவு அவர் சாப்பிட்டது விலாங்கு மீன். அதற்குப் பிறகு நம் ஊர்ச் சந்தையில் விலாங்கு விற்கிறவள்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் கூவினாள்.

நான் ஏட்டை மூடினேன். “முழுங்கல, உபெர்தோ. வேணும்னுதான் விட்டேன். இத யாருக்குக் குடுக்கப் போறோம்னு யோசிச்சியா?” என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. செக்கோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு உபெர்தோ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “நல்லவேளைடா. என் புள்ளைங்களக் காப்பாத்தின. நான் ஒரு மடையன், மூல ஏட்டுல இருந்தா அப்படியே எழுதிடுவேன். நீ சுரண்டிடு, உன் கத்திதான் பதமா இருக்கும்.” செக்கோ எனக்கு ஒரு குடுவை ஒயின் கொடுத்தனுப்பினார். அன்று பிற்பகலே நான் அந்த வரிகளையும் கையையும் தோலிலிருந்து கத்தியால் சுத்தமாகச் சுரண்டி அழித்தேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சொன்ன வேலையைச் செய்தேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கவேண்டும். முடியவிடாதவன் உபெர்தோதான். அவனுக்கு எதையும் ஒத்துப்பார்க்காமல் இருக்க முடியாது. வீட்டில் வைத்து மூல ஏட்டை எடுத்துப் பார்த்திருக்கிறான். விட்டுப்போன இரண்டு வரிகளுக்கு முந்திய வரி ‘மேசை’ என்று முடிகிறது. விட்டுப்போனதில் இரண்டாவதும் ‘மேசை’ என்றே முடிகிறது. படியெடுக்கிறவன் முதல் மேசையை எழுதிவிட்டு நிமிர்ந்தால், கண் அடுத்த மேசையில் போய் உட்கார்ந்துவிடும். நடுவில் இருப்பது காணாமல் போகும். எங்கள் தொழிலில் கற்றுக்குட்டிகளுக்கு நடப்பது. அது இங்கே ஒரு தற்செயல், ஐயா. முதல் பக்கத்தில் யாராவது அப்படித் தவறு செய்வார்களா? அதுவும் நானா?

அவன் என் வீட்டுக்கு வந்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “டேய், மேசைக்கு மேசை தாவிட்டியா! நான்கூட எவ்வளவு மூள இவனுக்குன்னு ராத்திரியெல்லாம் ஜினெவ்ராகிட்ட புகழ்ந்தேன்டா. கண்ணு தாவினதுக்கா செக்கோ ஒயின் குடுத்தாரு?”

“வேணும்னுதான் விட்டேன்” என்றேன்.

“சரிப்பா, சரி. வேணும்னுதான் விட்ட.” என் தோளில் தட்டினான். “நான் எத்தன தடவ தாவியிருக்கேன்! இதுக்கெல்லாம் முகத்தத் தூக்கி வச்சுக்காத. யாருகிட்டயும் சொல்லமாட்டேன், போதுமா? ஞாயித்துக்கிழம சாப்பிட வா. ஜினெவ்ரா முயல் சமைக்கிறா.”

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றான். நம்புகிறேன். அவன் சொல்லியிருக்கமாட்டான். ஆனால் கடையில் ஒவ்வொரு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லாமல் இருந்துகொண்டே இருப்பான் இல்லையா? நான் ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் அவன் சொல்லாமல் இருப்பான். அதை நினைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை முயல் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. என் ஞானமகள் என் மடியில் உட்கார்ந்து ரொட்டியை ஒயினில் நனைத்துத் தின்றாள். திங்கட்கிழமை காலை, நல்ல வெளிச்சத்தில், சுரண்டிய இடத்தில் சுண்ணாம்புப் பொடி தேய்த்து, அந்த இரண்டு வரிகளையும் திரும்ப எழுதினேன். உபெர்தோவின் கையெழுத்தில், உபெர்தோவின் மையில். நீங்கள் அதைப் போலி என்கிறீர்கள். எப்படிப் போலி ஆகும்? அவன் எழுதாத ஒரு சொல்லைக்கூட நான் எழுதவில்லை. அவன் எழுதியதைப் படியெடுத்தேன். அது என் தொழில். சுட்டுக்கையையும் வரைந்தேன், இரண்டு பொத்தானோடு, ஒன்றைத் திறந்துவிட்டு. விரல் மட்டும் கொஞ்சம் திரும்பிவிட்டது. அவன் வரைந்தபோது மேலே கவிதையைக் காட்டியது. நான் வரைந்தபோது பக்கத்தில் இருந்த காட்டுப்பன்றியைக் காட்டியது.

ஆமாம், திருப்பினேன். விரல் தானாகத் திரும்பாது என்று எனக்கும் தெரியும்.

சுரண்டிய தோலில் மை கொஞ்சம் கசியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். நீங்கள் பிடித்துப் பார்த்திருக்கிறீர்கள், கெட்டிக்காரர். அன்று யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏட்டைப் பிரபுவிடம் கொடுத்த விருந்தில் நீங்களும் இருந்தீர்கள், பிரபுவுக்கு இடது கைப்பக்கம் நாலாவது ஆளாக. வாத்து நன்றாக வெந்திருக்கிறது என்று சொன்னது எனக்குக் கேட்டது.

பிரபு முதல் பக்கத்தைத் திறந்தார். சின்னத்தைப் பார்த்து முதலில் முகம் மலர்ந்தார். அப்புறம் விரலைப் பார்த்தார்.

“உபெர்தோ, இங்க வா. அடியில இருக்கிற இந்த ரெண்டு வரிய நம்ம பாஷையில சொல்லு.”

உபெர்தோ குனிந்து பார்த்தான். பிரபு பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிரபுவுக்கு அவ்வளவு லத்தீன் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“இது யாரு கை?”

அவன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நிமிர்ந்து கூடம் முழுக்கத் தேடினான். கடைசி மேசையில் இருந்த என்னைக் கண்டுபிடித்தான். என்னைப் பார்த்தான். பிறகு பிரபுவிடம் திரும்பினான்.

“என்னோடதுதான், பிரபுவே. அழிச்சிருக்கணும். மறந்துட்டேன்.”

“வேற யாராவது இந்தப் பக்கத்தத் தொட்டாங்களா?”

“இல்ல பிரபுவே. நான் மட்டுந்தான்.”

இதை உங்கள் எழுத்தர் சரியாக எழுதவேண்டும். தன் கை என்று அவனே சொன்னான். வரைந்தவனே ஏமாந்துபோகிற அளவுக்கு நான் வரைந்திருக்கிறேன். இத்தாலியில் வேறு யாரால் அது முடியும், சொல்லுங்கள். அன்று எனக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்கமாட்டேன். விரல் திரும்பியிருப்பதை அவன் பார்த்திருப்பான், இது என் வேலை என்று புரிந்துகொண்டும், என் பேரை வெளியே விடாமல் காப்பாற்றினான் என்று ஜினெவ்ரா உங்களிடம் சொன்னாளாம். பாவம், அவள் மனசுக்கு அப்படி ஒரு ஆறுதல் தேவைப்படுகிறது. எதற்காக அவன் என்னைக் காப்பாற்றவேண்டும்? அவன் ஏமாந்தான். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கோட்டை ஜன்னலிலிருந்து அவனைத் தொங்கவிட்டார்கள். சட்டைப் பொத்தான் ஒன்று திறந்திருந்தது. நான் கடைக்குப் போனேன், வேலை இருந்தது.

கொன்றது பிரபு. கயிற்றைக் கட்டியது காவல்காரன். விருந்தில் வாயைத் திறக்காமல் வாத்து தின்றது நீங்கள். ஆனாலும் ஒளிந்துகொள்ளவில்லை நான். அந்த விரலைத் திருப்பினால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் திருப்பினேன். வேறு எதுவும் நடந்திருந்தால் எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க நான் வரவில்லை. தூக்குத்தானே? பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்தது. எழுத்தரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ம். ம். சரி. ‘நண்பனின் கையைப் போலியாக வரைந்து’. போலி என்ற சொல் தப்பு, இருந்தாலும் போகட்டும். ‘அவன் சாகவேண்டும் என்ற எண்ணத்தோடு’. சரிதான். ‘அவன் வீட்டில் உணவு உண்டபின்’. அதுவும் உண்மை, இருக்கட்டும்.

நில்லுங்கள். அதற்கு முந்திய வரியைத் திரும்பப் படியுங்கள்.

‘கண் தாவியதால் இரண்டு வரிகளைத் தவறவிட்ட மேற்படி தெபால்தோ.’

அதை எடுத்துவிடுங்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. வேண்டுமென்றுதான் விட்டேன் என்று இரண்டு தடவை சொன்னேன், உங்கள் ஆளுக்குக் காது கேட்கவில்லையா?

“ஒரு வரிதானே, தெபால்தோ” என்கிறீர்கள். “அந்தம்மா காலையிலருந்து வெளிய உக்காந்திருக்காங்க. கையெழுத்தப் போட்டுடுய்யா.”

ஒரு வரிதான். ஒரு வரி என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மூல ஏட்டை வைத்து ஒத்துப்பார்த்துவிட்டோம், கொலைக்குக் காரணம் சொல்லாத வாக்குமூலம் செல்லாது, அந்த வரியை அடிக்கவோ மாற்றவோ முடியாது என்கிறீர்களா? அப்படியானால் பேனாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கொலைகாரன் என்று எழுதுங்கள், போடுகிறேன். சோறு போட்ட வீட்டைக் கெடுத்தவன் என்று எழுதுங்கள், அதன் அடியிலும் அழகாகப் போட்டுத் தருகிறேன். கண் தாவினேன் என்று இருக்கிற தாளில் என் பேர் வராது.

ஜினெவ்ராவைப் போகச் சொல்லுங்கள்.