கடலுக்குள் போன கை

— கை எங்கே?

— எந்தக் கை?

— எந்தக் கையா? படக்கதையோட கடைசிக் கட்டத்துல, தண்ணிக்கு மேல அஞ்சு விரலும் விரிச்சு நிக்கணும்னு நான் எழுதிக் குடுத்த கை! சூறாவளியானோட கை! இங்க பாரு, வெறும் கடல். இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே நீலம்!

— நல்லா வந்திருக்குல்ல? அந்த நீலத்துக்கு ரொம்ப மெனக்கெட்டேன்.

— நான் கத்தக் கூடாதுன்னு பார்க்கிறேன். உன் வேலை என்ன? படக்காரர் வரைஞ்சு குடுத்ததுக்கு நிறம் போடுறது. வரைஞ்சதை அழிக்கிறது இல்ல.

— நான் எங்க அழிச்சேன்? அது மேல நிறம் போட்டேன். அதுதான் என் வேலை, சரியா?

— அவன் செத்துட்டான்! உனக்குப் புரியுதா? கை தெரிஞ்சா, விழுந்தான்னு அர்த்தம். கை தெரியலைன்னா, செத்தான்னு அர்த்தம். புத்தகம் கடைக்கெல்லாம் போயாச்சு. செத்துட்டான்!

— கதவு திறந்திருந்துச்சு, அதான் வந்தேன். யாரு செத்தது?

— கதவு சாத்தியிருந்துச்சு, கீழ்வீட்டம்மா.

— சாத்தியிருந்துச்சு. தாழ் போடல. எனக்கென்ன வந்தது, நான் பாட்டுக்குக் கீழ துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். தலைக்கு மேல 'செத்துட்டான், செத்துட்டான்'னு கூப்பாடு கேட்டா, ஒரு மனுஷி எப்படித் துணி மடிப்பா? யாரும்மா, சொந்தமா?

— சூறாவளியான், அக்கா.

— அட, அந்தப் போர்வைக்காரனா! முதுகுல போர்வையைக் கட்டிக்கிட்டு மாடிக்கு மாடி தாவுவானே? நல்லா பயமுறுத்தினீங்க போங்க. இந்த நாற்காலியில இருக்கிற காகிதத்தை எடுத்தா உக்காரலாம்.

— அது போர்வை இல்லைங்க, மேலங்கி. அந்தக் காகிதத்தைத் தொடாதீங்க, அடுக்கு மாறிடும். நீங்க இப்போ தயவுசெஞ்சு கொஞ்சம்…

— 'வெளிய போங்க'ன்னு சொல்ல வர்றீங்க. போறேன், எழுத்தாளரே. இந்த டீ யாருக்கு?

— அது டீ இல்ல அக்கா. தூரிகை கழுவின தண்ணி.

— ஐயையே. டீ கிளாஸ்லயா? இவரு நேத்து இதுலதானே குடிச்சுக்கிட்டிருந்தாரு!

— அவரு குடிச்சா என்னக்கா, நாக்கு நீலமானாலும் வார்த்தை வரவா போகுது?

— பேச்சை மாத்தாத. சரி, கை போச்சு. அதை விடு. மூலையில பாரு. 'தொடரும்'னு இருக்கணுமா இல்லையா? பலூன்காரன் என்ன போட்டிருக்கான்? 'முற்றும்'! கொட்டை எழுத்துல! நீ சொன்னியா அவன்கிட்ட?

— நான் எதுவும் சொல்லல. கடலைப் பார்த்தாரு, கை இல்ல. கதை முடிஞ்சு போச்சுன்னு அவராவே புரிஞ்சுக்கிட்டாரு. சில பேருக்குச் சொல்லாமலே புரியும்.

— பலூன்காரன்னா யாரும்மா? திருவிழாவுல விக்கிறவனா?

— இல்லைக்கா. ஆளுங்க வாய்க்கு மேல வெள்ளையா வட்டம் போட்டு, அதுக்குள்ள பேச்சு எழுதியிருக்கும்ல, அதைக் கையால எழுதுறவரு. இவரு கதை எழுதுவாரு, படக்காரர் வரைவாரு, நான் நிறம் போடுவேன், பலூன்காரர் எழுத்து போடுவாரு. கடைசியா முதலாளி பார்த்துட்டு அச்சுக்கு அனுப்புவாரு.

— அப்போ முதலாளி கண்ணுக்குமா தெரியல?

— முதலாளி பலூனை மட்டும்தான் படிப்பாரு. கடைசிக் கட்டத்துல யாரும் பேசல. யாரும் பேசாத கட்டத்தை அவரு இந்த எட்டு வருஷத்துல பார்த்ததே கிடையாது.

— தெரிஞ்சே செஞ்சிருக்க! தெரிஞ்சே கழுத்தை அறுத்திருக்க! என் சோத்துல மண்ணை… என்னோட…

— நீ அவரு வாழ்க்கையைக் குட்டிச்சுவராக்கிட்டன்னு சொல்றாரு.

— நன்றிங்க, கீழ்வீட்டம்மா.

— எனக்கென்ன வந்தது. உங்களுக்குத்தான் பாதியில வார்த்தை நின்னு போகுமே. அன்னிக்குக் குழாய் ரிப்பேர்க்காரன்கிட்ட 'தண்ணி வந்து…'ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டீங்க. அவன் தண்ணி வந்துடுச்சுன்னு நினைச்சுப் போயிட்டான். நான்தானே பின்னாலயே ஓடிக் கூட்டிட்டு வந்தேன்?

— அது தொழில் பழக்கம்க்கா. பக்கத்துக்குப் பக்கம் கடைசிக் கட்டத்துல எதையாவது தொங்கவிடணும், அப்பத்தான் படிக்கிறவன் அடுத்த பக்கம் திருப்புவான். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிக்கணும். கயிறு பாதி அறுந்திருக்கணும். அப்படி எழுதி எழுதி இவருக்கு வாயும் அப்படியே ஆயிடுச்சு. எங்கிட்ட கோபிச்சுக்கிட்டுப் போனாலும் வாசல்ல நின்னு, 'ஆனா ஒண்ணு மட்டும் நினைவு வச்சுக்கோ'ன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. என்ன ஒண்ணுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

— இப்ப எதுக்கு இந்தக் கதையெல்லாம்? அவங்க எதுக்கு நடுவுல?

— அக்கா கேட்ட கேள்விதான் என் கண்ணைத் திறந்துச்சு. போன மாசம் இதே நாற்காலியில உக்காந்துதான் கேட்டாங்க. 'ஏம்மா, ஒவ்வொரு புத்தகத்துலயும் கடைசியில ஒரு கை எங்கயாவது தொங்கிக்கிட்டே இருக்கே, ஒரே ஒரு தடவை உள்ள விட்டுட்டா என்ன ஆகும்?'னு.

— நீங்களா?

— ஐயய்யோ, நான் ஒண்ணும் சொல்லலப்பா. வாய் சும்மா இருக்காம கேட்டேன். அடுத்தவங்க விஷயத்துல நான் தலையிடுறதே இல்ல.

— உங்களுக்கு வேற வேலையே இல்லையா?

— வீட்டுல ஆள் இருந்தா வேலை இருக்கும். நான் ஒண்டிக்கட்டை. மாடியில சத்தம் கேட்டா எனக்கு அதுதான் ரேடியோ.

— சரி, இப்போ என்னைப் பாரு. கீழ்வீட்டு அக்காவை விடு. போன வருஷம் நான் கேட்டப்போ நீ என்ன சொன்ன? 'இந்தக் கதை முடியட்டும், மறுநாளே நம்ம கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கலாம்.' அதுக்கு முந்தின வருஷம்? 'சூறாவளியான் எரிமலையில இருந்து வெளிய வரட்டும்.' அதுக்கு முன்னாடி? 'அவன் கண் பார்வை திரும்பட்டும்.' அவன் எரிமலையில இருந்து வந்து சுரங்கத்துல விழுந்தான். சுரங்கத்துல இருந்து வந்து கடல்ல விழுந்தான். எனக்கு என்ன ஆச்சு? உன் கதையில அவனுக்காகக் காத்திருக்கிற கலங்கரை விளக்குப் பொண்ணு மாதிரி விளக்கைத் தூக்கிக்கிட்டு ஜன்னல்ல நிக்கிறேன்.

— அந்தப் பொண்ணு இவளைப் பார்த்து எழுதினதாமே? மூக்கு அப்படியே இருக்கு.

— ஆமாக்கா. அவ தலைமுடிக்குக் கறுப்பு போடும்போதெல்லாம் ரெண்டு நரை போட்டா என்னன்னு கை துறுதுறுங்குது. அவ்வளவு நாளா நிக்கிறா.

— அவன் கல்யாணம் பண்ணிக்கிட்டா புத்தகம் விக்காதுன்னு முதலாளி சொல்றாரு. நான் என்ன பண்றது?

— அவன் கல்யாணத்தை யாரு கேட்டா? நான் உன் கல்யாணத்தைக் கேட்கிறேன். அவனும் நீயும் ஒண்ணா? நீ மழைக்கு மொட்டை மாடியில காயுற சட்டையை எடுக்கவே பயப்படுற ஆளு.

— அது இடி இடிச்சுது…

— கதை முடிஞ்சுது, சரியா? நீ முடிக்க மாட்டேன்னு தெரிஞ்சுது, நான் முடிச்சேன். 'முடிஞ்ச மறுநாளே'ன்னு சொன்னல்ல, மறுநாள் நாளைக்கு. காலையில பதிவு அலுவலகத்துல நான் நிப்பேன். என் கூடப்பிறந்த அக்கா சாட்சிக்கு லீவு போட்டிருக்கா. நீ வருவியா, மாட்டியா? ஒரே வார்த்தை.

— இவ்வளவு திடீர்னு கேட்டா…

— எட்டு வருஷம் திடீரா?

— நான்… அதாவது… நான் உன்னை…

— ம். சொல்லு.

— நான் வந்து…

— வந்து?

— என்ன கீழ்வீட்டம்மா, சும்மா நிக்கிறீங்க?

— நான் என்ன பண்ணணும்?

— நான் நிறுத்தினா நீங்கதானே எப்பவும் முடிச்சுக் குடுப்பீங்க!

— பால்காரர்கிட்ட 'அரை லிட்டர்'னு எடுத்துக் குடுக்கிறது வேற. இது உங்க வசனம். நான் எப்படி வாயைத் திறக்கிறது?

— இத்தனை நாள் திறந்தீங்களே!

— இன்னிக்குப் பல் வலி.

— போன் அடிக்குது.

— அடிக்கட்டும். நீ பதில் சொல்லிட்டு எடு.

— முதலாளியா இருக்கும்.

— யாரா வேணா இருக்கட்டும்.

— ஒரே நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்… வணக்கம் சார். ஆமா சார். பார்த்தேன் சார். கடைக்காரங்க அழுறாங்களா? சின்னப் பசங்க கடை வாசல்ல… சார், சார், கேளுங்க. அது தப்பு இல்ல சார். நான் வேணும்னேதான்… ஆமா, திட்டம்தான்! கடல்ல விழுந்தது சூறாவளியானே இல்ல சார். அவனோட அண்ணன்! ஆமா, அண்ணன் இருக்கான். பிறந்தப்பவே பிரிஞ்சுட்டாங்க. ஒரே முகம், ஒரே உயரம். தம்பியைக் காப்பாத்த மேலங்கியை வாங்கிப் போட்டுக்கிட்டு இவனே… ஆமா சார்! அடுத்த புத்தகம் முதல் கட்டத்துல தம்பி குகையில கண்ணு முழிக்கிறான். படிக்கிறவனைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கும் சார். நாளைக்குக் காலையிலயே வந்து முழுசும் சொல்றேன். காலையில முதல் வேலை அதுதான். சரிங்க சார்.

— போனை வச்சுட்டாரும்மா.

— அப்பாடா. தப்பிச்சோம். முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. என்ன அப்படிப் பார்க்கிற?

— அவனுக்கு ஒரு நிமிஷத்துல ஒரு அண்ணனையே பெத்துக் குடுத்துட்ட.

— அது வேலை…

— அம்மா வயித்துல இருந்து எடுத்து, பிரிச்சு, வளர்த்து, தம்பிக்காகக் கடல்லயும் தள்ளி விட்டாச்சு. ஒரு இடத்துலகூட திக்கல. எனக்கு ஒரு 'வர்றேன்' வரல.

— நாளைக்கு மத்தியானம் வேணா நாம…

— வேண்டாம். அக்கா, கொஞ்சம் தள்ளுங்க.

— ஏம்மா, அந்தக் கிளாஸை எதுக்குத் தூக்குற? கீழ வை, கண்ணு. ஏம்மா… ஐயோ! என் சுவரு! சுண்ணாம்பு அடிச்ச ஈரம்கூட இன்னும் போகலையே!

*

— மாடி வாடகைக்குன்னு பலகை பார்த்தேன்…

— வாங்க, வாங்க. தனியாளா? என்ன வேலை? கல்யாணம் ஆச்சா? கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க, எனக்கென்ன வந்தது.

— பல் டாக்டர்கிட்ட உதவிக்கு இருக்கேன். தனியாளுதான். ரூம் நல்லா வெளிச்சமா இருக்கு. இந்தச் சுவர்ல என்னங்க, இவ்வளவு பெரிசா நீலக் கறை?

— அது தூரிகை கழுவின தண்ணி. மூணு பூச்சு பூசியும் போகல. ஒரு பொண்ணோட எட்டு வருஷக் கோபம், மூணு பூச்சுல போகுமா? இங்க ஒரு எழுத்தாளரு இருந்தாரு. சூறாவளியான் கதை எழுதுறவரு.

— சூறாவளியானா! சின்ன வயசுல இருந்தே விழுந்து விழுந்து படிக்கிறேன். கடல்ல செத்தது அண்ணன்னு தெரிஞ்சதும் அப்படி அழுதேன்.

— அழுதீங்களா? நான் அந்த அண்ணன் பிறந்த அன்னிக்கு இந்த ரூம்லதான் நின்னுக்கிட்டிருந்தேன். போன்லயே பிறந்தான், போன்லயே போனான்.

அந்த எழுத்தாளரைக் கட்டிக்கணும்னுதான் ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருந்துச்சு. புத்தகத்துக்கு நிறம் போடுற பொண்ணு. ஒரு வார்த்தை கேட்டுச்சு, இவருக்கு வரல. படி இறங்கிப் போனதுதான், திரும்பிப் பார்க்கல.

— அப்புறம் அவங்க?

— அதே புத்தகத்துல எழுத்து போடுற பலூன்காரரையே கட்டிக்கிச்சு. கல்யாணப் பத்திரிகையை அவரே கையால எழுதினாரு. முத்து முத்தா எழுத்து. கீழ மூலையில சின்னதா 'தொடரும்'னு போட்டிருந்தாரு. எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு. இப்போ வேற ஊருல பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் படம் போடுறாங்க. ஒரு பொண்ணு பிறந்திருக்கு, அதே மூக்கு.

— எழுத்தாளர் பாவம்ங்க.

— பாவம்தான். ஒரு வாரம் பாயை விட்டு எழுந்திரிக்கல. முதலாளிக்கு மட்டும் பக்கம் பக்கமா போய்க்கிட்டே இருந்துச்சு. சோறு யாரு குடுக்கிறது? நான்தான் ரெண்டு வேளையும் தட்டைத் தூக்கிக்கிட்டு இந்தப் படியில ஏறினேன். அவரு கதையில வில்லன் என்ன சொல்லணும்னு நிறுத்துவாரு, நான் எடுத்துக் குடுப்பேன். இப்பல்லாம் அந்த வில்லன் பேச்சு நல்லா காரசாரமா இருக்குன்னு முதலாளியே சொல்றாராம்.

— அப்படின்னா அன்னிக்கும் நீங்களே எடுத்துக் குடுத்திருக்கலாமே? 'வர்றேன்'னு ஒரு வார்த்தை. அவங்க ரெண்டு பேரும் சேர்ந்திருப்பாங்க.

— அடுத்தவங்க விஷயத்துல நான் தலையிடுறது இல்லம்மா.

— அதுவும் சரிதான். அவரு இப்போ எங்க இருக்காரு? ரூமைக் காலி பண்ணிட்டு எங்க போனாரு?

— ஏம்மா… கேக்குதா? என்னோட அந்த… அது எங்க…

— கண்ணாடிதானே! ஜன்னல் மேல இருக்கு, எடுத்துப் போட்டுக்கோங்க!

— கீழ யாருங்க?

— என் வீட்டுக்காரரு. ஒரு நாள் தட்டை வாங்கிக்கிட்டு, 'உங்களை நான்… அதாவது…'ன்னு ஆரம்பிச்சு, வழக்கம்போல நிறுத்தினாரு. மீதியை நான் சொல்லி முடிச்சேன்.