கறுப்புக் கட்டங்கள்

– அஞ்சு நிமிஷம் குசலம் விசாரிக்கணுமாம். அதுக்கப்புறம்தான் பாடமாம். நான் கணக்கு வாத்தியாரா, கல்யாண வீட்டு வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடற ஆளா?

– ஆன்லைன்ல பிள்ளைங்க ஒட்டவே மாட்டேங்கறாங்கன்னுதான் சார் பிரின்சிபல் அப்படிச் சொல்றாங்க.

– பிள்ளைங்களா? அட போங்க டீச்சர், பாதிக்கு மேல நரைச்ச தலை. படிக்கற வயசுல கோட்டை விட்டுட்டு இப்ப பத்தாங்கிளாஸ் எழுத வந்திருக்குதுங்க. திரை முழுக்கக் கறுப்புக் கட்டம். சுவரோட பேசினாலாவது எதிரொலி வரும்.

– பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்களேன்.

– பேரையெல்லாம் எவன் படிச்சுக்கிட்டிருப்பான்? நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவேன். எட்டைக் கூப்பிட்டா எட்டு ஊமை. ஒம்பதைக் கூப்பிட்டா அது எட்டுக்கு அக்கா.

– போன மாசம் ஒரு அம்மாவை வெளியேத்திட்டீங்களாமே.

– அதுவா? தையல் மிஷின் கடகடன்னு ஓடுது, நடுவுல சந்தேகம் வேற. "ஒண்ணு தையி, இல்ல படி. உனக்கு ரெண்டும் உருப்படாது"ன்னு தூக்கிட்டேன். அதோட ஆளையே காணோம். ஒரு தலைவலி ஒழிஞ்சுது.

– ஒழியல சார். சாயங்காலம் சாயங்காலம் படிக்கறாங்க. உங்க வகுப்பு மொத்தமும் அவங்களோட சேர்ந்து படிக்குது.

– எங்க?

– தனியா ஒரு ஆன்லைன் ரூம். நீங்க நடத்தினதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் தர்றாங்க. சிக்கினா என்னைக் கூப்பிடுவாங்க. அங்க கறுப்புக் கட்டமே கிடையாது சார். ஒருத்தர் மடியில குழந்தை, ஒருத்தர் கையில வெங்காயம். அந்தத் தையல் மிஷினும் ஓடும். நேத்து ஒரு கணக்குக்கு விடை வந்ததும் கைதட்டினாங்க பாருங்க, என் காது போச்சு.

– ஓஹோ. என் முதுகுக்குப் பின்னால ஒரு கூட்டணி. எவன் கிளப்பி விட்டது?

– ஒரு அம்மாதான். நீங்க வெளியேத்தின அன்னைக்கே தையல்காரம்மாவுக்கு போன் பண்ணி அவங்க அழுகையை அடக்கி, மத்தவங்களையும் ஒண்ணா இழுத்துட்டு வந்தாங்க.

– யாரு அந்த மகாராணி? சொல்லுங்க, அதையும் வகுப்பிலிருந்து தூக்கறேன்.

– தூக்கிட்டு எங்க சார் அனுப்புவீங்க? உங்க வீட்டுச் சமையலறையில உக்காந்துதான் படிக்கறாங்க.

– என்ன டீச்சர் உளர்றீங்க?

– கல்யாணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவங்களாமே. பொறந்த வீட்டு இனிஷியல்ல சேர்ந்திருக்காங்க. நீங்க முன்னறையில நடத்தறதை, காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் பின்கட்டுல கேக்கறாங்க. இன்னைக்கு உங்ககிட்ட சொல்லிடச் சொன்னதே அவங்கதான்.

– அவளா... அவ வகுப்புல ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லையே.

– நானும் அதைத்தான் கேட்டேன் சார். "எனக்கொண்ணும் கஷ்டமாயில்ல டீச்சர், இருபது வருஷமா வீட்ல அப்படித்தானே இருக்கேன்"னாங்க.